கிள்ளிப்பாலம் வரை ஒரு மௌன விரதம்

வெங்கடசுப்ரமணியன் அன்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். கோளாறு தன் கண்ணில் இல்லை. மனைவி அனந்தலக்ஷ்மியின் வாயில்.

டாக்டர் புரை என்றார், ஆபரேஷன் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும்? இருட்டினபின் இவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கார் ஓட்டியிருக்கிறாரா? "அந்த பஸ் எத்தனை கிட்ட வரது பாருங்கோ!" "ஐயோ பாவம், அந்தக் கிழவர் நடு ரோட்டிலே நிக்கறாரே!" "இந்தப் பள்ளத்தை எப்பத்தான் மூடுவாளோ!" வீடிருக்கும் வலியசாலையில் தொடங்கினால் போய்ச் சேரும்வரை ஓயாது. நாலு தலையும் எட்டுக் கண்ணும் உள்ள பிரம்மாவே வண்டியை ஓடையில் விடுவார்.

"இன்னிக்குப் பட்டத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது" என்றார். ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன்.

"சரி."

"பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டா, அப்பறம் ஆபரேஷன்னு பேச்சே எடுக்கப்படாது."

"சரின்னா. சேர்க்கலைன்னா?"

"நீ சொல்ற நாள், நீ சொல்ற ஆஸ்பத்திரி."

இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வண்டி கிளம்பியது. அவள் உதட்டை இறுக மூடி, வலது கையை ஹேண்ட்பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள்.

காருக்குள் அமைதி. அமைதி வந்ததும் சாலை காணாமல் போயிற்று. எதிரே வந்த விளக்கெல்லாம் பெரிய பெரிய செவ்வந்திகளாக மலர்ந்தன. பூவுக்குப் பின்னால் லாரியா, ஸ்கூட்டரா? சொல்ல ஆளில்லை. எறும்பு முந்துகிற வேகத்தில் ஓட்டினார்.

"எதிர்ல வரது என்ன வண்டி?" என்றார், சும்மா கேட்பதுபோல்.

பதில் இல்லை.

"பொதுவாத்தான் கேக்கறேன், லக்ஷ்மி."

பொதுவாகவும் பதில் இல்லை.

பகலில் நடந்தே போகிற கிள்ளிப்பாலம் ஒருவழியாக வந்தது. சிவப்பு எரிந்தது. அப்பாடா! ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார். பின்னால் ஹார்ன் அலறியது.

"சிவப்பு எரியறது, கண்ணு தெரியலையா இவாளுக்கு!"

ஜன்னலருகே ஒருவர் குனிந்தார். "சாரே, எந்தா வேண்டே? என்ன வேணும்?"

"பச்சை வரட்டும்."

"பச்சையா? இது பேக்கரியாக்கும் சாரே. அது எங்க போர்டு லைட்டு."

அனந்தலக்ஷ்மி அப்போதுதான் வாய் திறந்தாள். "வெஜிடபிள் பப்ஸ், ரெண்டு."

அவர் இன்ஜினை அணைத்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலடி" என்றார். பல மாதங்களாகத் தொண்டையில் நின்ற வாக்கியம். சொன்னதும் தோள்கள் இறங்கின.

அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "தெரியும்னா. இல்லாட்டா இத்தனை நாளாத் தொண்டை வறளப் பேசியிருப்பேனா?"

பின்னால் ஹார்ன் அடித்த ஆட்டோ முன்னால் வந்து நின்றது. ஓட்டுகிறவன் அவர்கள் தெருமுனை செல்வின். காரைப் பேக்கரி வாசலிலேயே விட்டுவிட்டு இருவரும் ஏறிக்கொண்டார்கள். மடியில் சூடான பப்ஸ். தம்பானூர் விளக்குகள் பூத்துப் பூத்து உதிர்ந்தன. எது எதுவென்று இனி அவர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அத்தனையும் அழகாக இருந்தன. வெங்கடசுப்ரமணியன் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை, நீ இந்தப் பக்கமா வந்தே செல்வின்."

"உங்க வீட்டு வாசல்லேருந்தே பின்னாலதானே வாறேன் சாரே? புதன்கிழமை ஆபரேஷனுக்கும் மாமி போன வாரமே நம்ம வண்டியைத்தான் சொல்லியிருக்காங்க."