ஹலோ நைனா டிஜே ஆன கதை

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தாவதாக, என்னைவிட எட்டு வயது மூத்த ஒருவரையும் வளர்த்தேன். அவரைத்தான் கடைசிவரை ஆளாக்க முடியவில்லை. மந்தைவெளியில் அவரை ஹலோ நைனா என்பார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அவரைப் போல் இன்னொரு மனிதர் மெட்ராஸில் பிறக்கவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். பிறந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும்.

நைனாவுக்கு மைக் செட்டு வாடகைக்கு விடுகிற தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயிலில் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். முப்பது வருஷம் மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ... ஹலோ..." சொன்னதில் அது தீராத பழக்கமாகிவிட்டது. டம்ளரை எடுத்தால் ஒரு தட்டு, ஒரு ஹலோ, அப்புறம்தான் டீ. காய் வாங்கப் போனால் பூசணிக்காயைத் தட்டி ஒரு ஹலோ. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தோளைத் தட்டி இரண்டு தரம் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தார். இங்கிலீஷ் தெரிந்த சம்பந்தி என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப் போனார்கள்.

ஒரு காது அவருக்குக் கேட்காது. எந்தக் காது என்பதை அன்றன்றைக்கு அவரே முடிவு செய்வார். மயிலாப்பூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குச் செட்டு போட்டிருந்தோம். எதிர்வீட்டு மாமி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏன்யா, எங்காத்துல குழந்தை இப்பத்தான் கண்ணசந்துண்டு வரது. கொஞ்சம் கொறைக்கப்படாதோ?"

"இன்னா மாமி, சரியா கேக்கலையா? தோ, ஏத்திடறேன்," என்றார் நைனா.

ஏற்றியும் விட்டார். அந்தக் குழந்தை எழுந்து, அழாமல் தாளம் போட்டது என்று ரொம்ப நாள் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

இப்போது என் லட்சணத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் நைனாவிடம் ஒயர் இழுக்கிற வேலையில் இருந்தவர். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், நைனா கடை வாசலில் போய் நின்று வேலை கேட்டேன். பாட்டு ரெக்கார்டைத் தேடி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், படிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

"எட்டாங்கிளாஸு," என்றேன்.

வாய் கூசவே இல்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது மொத்தமே ஒன்றரை வருஷம். எண் தெரியும், பஸ் நம்பர் தப்பாது. எழுத்தில் என் கையெழுத்து மட்டும் தெரியும். அதுவும் யாராவது பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் கடைசி எழுத்து வராது.

ஆனால் நான் யார்? இருநூறு ரெக்கார்டையும் ஒரே மாதத்தில் பாடம் பண்ணிவிட்டேன். நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாள் சிவப்பா, நீலமா, எந்த ஓரம் உடைந்திருக்கிறது, எதில் டீக்கறை இருக்கிறது, எல்லாம் அத்துப்படி. டீக்கறை என்றால் பிள்ளையார் பாட்டு. ஓரம் உடைந்தது தாலாட்டு. பிற்பாடு கேசட் வந்தபோதும் கவலைப்படவில்லை. அட்டையில் நடிகர் முகம் இருந்தது. நைனா பாட்டைச் சொல்லி வாய் மூடுவதற்குள் என் கை அதை நீட்டும். ஊரே என்னை ரெக்கார்டம்மா என்றது. மேடையில் நைனாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி.

"நம்ம ரெக்கார்டம்மா படிச்சது. ஒரு தபா பார்த்தா போதும், அப்டியே மனசுல ஏறிக்கும்" என்று நைனா பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். என் எட்டாங்கிளாஸும் அவர் வாயில் வருஷா வருஷம் பாஸாகிக்கொண்டே போய், ஒரு கட்சிக் கூட்டத்தில் நான் காலேஜ் முடித்தவளாகிவிட்டேன். நான் மறுக்கவில்லை. அடக்கமாக ஒரு சிரிப்பு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று விடலாம் போலிருக்கிறது.

ஒரு தடவை மாட்டியிருக்க வேண்டியது. போகிக்கு வீட்டைக் கழுவின வேகத்தில், தூசி பிடித்த ரெக்கார்டுகளையும் அண்டாவில் போட்டுச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தட்டெல்லாம் பளபளத்தது. முப்பது தட்டின் வட்டத் தாள் கழன்று தண்ணீரில் மிதந்தது. ஒட்டினேன், எதை எதில் ஒட்டினேன் என்பது அந்த அண்டாவுக்குத்தான் தெரியும். தை பிறந்து முதல் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்றுகிற நேரத்துக்கு, மங்களமான பாட்டு என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் சுடுகாட்டில் நின்று பாடுகிற பாட்டு குழாயில் கிளம்பியது. மாப்பிள்ளை இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"ஊசி கெட்டுப்போச்சு நைனா," என்றேன்.

நைனா ஊசியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாமே, ஊசிதான்," என்று சொல்லிவிட்டு வேறு பாட்டைப் போட்டார். நான் எவ்வளவு சாமர்த்தியசாலி என்று அன்றைக்கு இரண்டு வாய் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிஜே என்கிற சனியன் வந்தது. இருபது வருஷம் இருக்கும். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, மகள் கல்யாண வரவேற்புக்கு எங்கள் கடையைத் தேடி வந்தார்.

"ஏம்வே, பிள்ளைங்க டிஜே வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுவ. உம்மகிட்ட இருக்கா?"

"இன்னா அண்ணாச்சி இப்டி கேட்டுட்டீங்க? ஒண்ணுக்கு ரெண்டா கீது," என்றார் நைனா.

அண்ணாச்சி தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார். "இன்னாமே, டிஜேன்னா இன்னா?"

படித்தவளாயிற்றே, தெரியாது என்று சொல்ல முடியுமா? "ரெண்டு மிஷினை வெச்சுக்கினு, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள இன்னொண்ணை ஆரம்பிக்கிறது நைனா. நடுவுல மூச்சே விடக் கூடாது," என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டேன். அது பாதிக்கு மேல் சரிதான் என்கிறாள் என் பேத்தி.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒருவர் பழைய டிஜே சாமான்களைப் பழுது பார்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் ஜடை போட்டிருந்தார். என் ஜடையைவிட நன்றாக இருந்தது. மேஜைமேல் இரண்டு ஜோடி. ஒரு பக்கம் ரெக்கார்டு சுற்றும் மிஷின் இரண்டு. முறம் அகலத்துக்கு, தூக்க ஆள் வேண்டும். இன்னொரு பக்கம் சி.டி. போடும் டெக் இரண்டு. சின்ன வாய், சின்ன ஜன்னல், ஜன்னலில் எழுத்து ஓடுகிறது.

"முதல் செட்டா அங்கிள்? கண்ணை மூடிக்கிட்டு சி.டி. டெக் எடுங்க. புதுப் பாட்டு எதுவும் இப்ப ரெக்கார்டுல வர்றதே இல்ல. இதுல பாருங்க, ஒரு பைக்குள்ள ஆயிரம் பாட்டு," என்று ஒரு பையைத் திறந்து காட்டினார் ஜடைக்காரர்.

எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வெள்ளித் தட்டு. சிவப்பு வட்டம் கிடையாது, டீக்கறை கிடையாது, நடிகர் முகம் கிடையாது. ஒவ்வொன்றின் மேலும் பேனாவில் நாலு எழுத்து. கையில் எடுத்துத் திருப்பினால் என் மூஞ்சிதான் தெரிந்தது. இது கடைக்குள் நுழைந்தால் என் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால்கூடத் தொலையட்டும்; எட்டாங்கிளாஸ் போய்விடுமே!

"நீ சொல்லுமே. எது வாங்கலாம்?" என்றார் நைனா.

"ரெக்கார்டுதான்."

"ஏன் ஆன்ட்டி?" என்றார் ஜடைக்காரர்.

"சுத்தறது கண்ணுக்குத் தெரியணும்ப்பா. இது உள்ள போயி கதவைச் சாத்திக்குது. உள்ள இன்னா பண்ணுதுன்னு யாரு கண்டா?"

"பாட்டுதான் ஆன்ட்டி பாடும்."

"கண்ணாடி கணக்கா மின்னுது. கல்யாண வீட்டுல கண்ணு பட்டுடும்."

"சி.டி.க்கா?"

"மழை வந்தா நனைஞ்சிடும்."

"ரெக்கார்டு நனையாதா?"

"ரெக்கார்டை நான் சீயக்காய் போட்டே கழுவியிருக்கேன்!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நைனா கூரையில் ஏதோ பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜடைக்காரர் விடவில்லை. "ஆன்ட்டி, ஜனங்க குதிச்சா ரெக்கார்டுல ஊசி எகிறும்."

"கல்யாணத்துல யாருப்பா குதிக்கிறது?"

"டிஜே வெச்சுட்டு வேற என்ன ஆன்ட்டி பண்ணுவாங்க?"

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். எதையாவது ஒன்றைக் கொண்டுபோய் அந்தக் கல்யாணத்தில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "ரெக்கார்டம்மா சொல்லிடுச்சுல்ல, அப்ப ரெக்கார்டுதான்," என்று நைனா அந்த முறங்களைத் தூக்கிவிட்டார்.

தி.நகர் மண்டபத்தில் மேடை பலகை மேடை. முதல் பாட்டுக்குப் பையன்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். எங்களிடம் இருந்த புதுப் பாட்டே கல்யாணப் பெண் பிறப்பதற்கு முன்னால் வந்தது. அப்புறம் போனால் போகிறதென்று குதிக்க ஆரம்பித்தார்கள். பலகை அதிர்ந்தது. ஊசி துள்ளிப் பின்னால் போய், பாடின வரியையே மறுபடி பாடியது. "மச்சி, செம மிக்சிங்டா!" என்று ஒருத்தன் கத்தினான். அதைக் கேட்டு எல்லாரும் இன்னும் பலமாகக் குதிக்க, ஊசி இன்னும் பலமாகத் துள்ள, கால் மணி நேரம் ஆகியும் பாட்டு நாலாவது வார்த்தையைத் தாண்டவில்லை.

அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்வே, இந்தப் பாட்டு மேல போவுமா, இல்ல இங்கனயே குடியிருக்குமா?"

பொறுப்பு என்னுடையதாயிற்றே. பட்டுப்புடவையோடு மேஜைக்கு அடியில் புகுந்து, மேஜை ஆடாமல் அதன் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"அங்கன என்னம்மா பண்ணுதீய?"

"நான்தாங்க ரெக்கார்டம்மா," என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் நைனா என்னைக் கூப்பிடவில்லை. தனியாக ஈக்காட்டுத்தாங்கல் போய் ரெக்கார்டு மிஷின்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சி.டி. டெக்குகளோடு வந்தார். கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஒரு வாரம் உள்ளேயே கிடந்தார். தெருவில் ஒரு ஹலோ கேட்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று ஊரே விசாரித்தது. எனக்கா தெரியாது? படித்த புது ஆள் யாரையாவது தேடிக்கொண்டிருக்கிறார். அவர் வாயால் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்னால் நாமே கௌரவமாக விலகிவிடலாம் என்று போனேன்.

"முட்டி வலி தாங்கல நைனா. இனிமே என்னால வர முடியாது."

"வலியை அப்பால சொல்லு. மொதல்ல இதை சரி பாரு," என்று சி.டி. பையை என் மடியில் போட்டார்.

திறந்தேன். ஒவ்வொரு வெள்ளித் தட்டின் மேலும் கறுப்புப் பேனாவில் ஒரு படம். மீன், செருப்பு, குடை, ஃபேன், இட்லிப் பானை. நூறு தட்டுக்கும் மேலே இருக்கும். எல்லாம் அவர் கையால் வரைந்தது. அவர் கைக்குப் படம் வரைய வராது என்பதும் எல்லாத் தட்டிலும் தெரிந்தது.

"இது இன்னா நைனா, எலியா?"

"யானைமே. கண்ணு தெரியல?"

"தும்பிக்கை எங்க?"

"அந்தாண்ட திரும்பிக்கினு நிக்குது."

"எதுக்கு நைனா இதெல்லாம்?"

நைனா டெக்கின் ஒயரைத் துடைத்தபடியே சொன்னார். "டிஜேவுல இதான் ரூலாம். எழுத்தைப் படிச்சிக்கினு நின்னா அடுத்த பாட்டு தவறிப்பூடுமாம். படிச்சவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். நீ கொஞ்சம் அஜ்ஜஸ் பண்ணிக்கமே."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. குரலும் சின்னதாக இருந்தது. நைனா மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"முட்டி எப்டி கீது?" என்றார்.

"இப்ப பரவால்ல நைனா," என்றேன்.

அதற்கப்புறம் பதினோரு வருஷம். அடையாறில் எத்தனையோ பெரிய மண்டபங்களில், கோட்டுப் போட்டவர்கள் முன்னால், "ரெக்கார்டம்மா, செருப்பை எடு! அதுக்கடுத்து யானை!" என்று நைனா கத்துவார். நான் எலியை எடுத்துக் கொடுப்பேன். ஒரு பாட்டு தவறியதில்லை. எட்டாங்கிளாஸ் பொய்யை நான் அவரிடம் உடைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நைனா போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்கு நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியிருக்கிறாள்.

முடிந்துவிட்டது கண்ணு. எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். நைனா பேசுகிற இடம் வந்தால் மட்டும் அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்திப் படி.