இரவல் போன கலியாணச் சட்டை

இல்ஃபோர்ட்,
15.08.1989, இரவு

அன்பும் மதிப்பும் உள்ள மேரிறோஸ் சின்னம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் எல்லோரும் நலம். ஹவுன்ஸ்லோவில் நீங்களும் கஸ்பர் சித்தப்பாவும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். நலம் என்று எழுதியது மரியாதைக்காகத்தான். குளியலறையைப் பூட்டிக்கொண்டு, வெறும் தொட்டிக்குள் இருந்து இதை எழுதுகிறேன். டொலறஸ் அக்கா அடுத்த மாதம் போட வேண்டிய கலியாணச் சட்டை வீட்டில் இல்லை. நான்தான் இரவல் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு நயோமி என் வகுப்பு, யூதப் பிள்ளை. பெருமைக்காக அவளுக்குச் சட்டையைக் காட்டியது என் பிழை. இன்று எல்லோரும் மாதா திருநாள் பூசைக்குப் போக, நான் வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். அவள் வந்து கதவைத் தட்டினாள். இன்று பொழுதுபட அவர்களுடைய அன்புத் திருநாள் தொடங்குகிறதாம். பெண்பிள்ளைகள் வெள்ளை உடுத்து நிலவில் ஆடுவார்களாம். ஆனால் ஒருத்தியும் தன் சொந்தச் சட்டையைப் போடக்கூடாதாம், இல்லாதவள் வெட்கப்படாமல் இருக்க எல்லோரும் இரவல்தானாம். இரண்டு வெள்ளைச் சட்டை வைத்திருப்பவள் இரவல் கேட்டால் யார் நம்புவார்? மறுக்கத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. தன் சட்டையை அடமானம் போல என் கையில் திணித்துவிட்டு, பத்து மணிக்குள் வருவேன் என்று ஓடினாள். இப்போது பதினொன்றரை. தலையை வேறு புதுவிதமாக வாரி இழுத்திருந்தாள், சென்ற் மணந்தது. ஆடுவதற்கு எதற்குக் கலியாணச் சட்டை? அவள் எப்போதும் சிரித்துப் பேசும் பேக்கரிக்காரரின் மகனைக் கட்டிக்கொண்டு இந்நேரம் மான்செஸ்டரில் இருப்பாள் என்பது என் சந்தேகம்.

அவளுடைய சட்டையை அக்காவின் சட்டை உறைக்குள் தொங்கவிட்டேன். பூசை முடிந்து அம்மாவுடன் பியற்றிஸ் அன்ரியும் வந்தா. அம்மா கண்ணாடி போடாமல் உறையைத் தூக்கி விளிம்பை மட்டும் காட்டினா. அன்ரி தடவிப் பார்த்து, "இது இரவல் மாதிரிக் கிடக்கு," என்றா. எனக்கு உயிர் போய் வந்தது. அம்மாவின் முகம் ஏன் வெளிறியதோ தெரியாது.

"எங்கட வீட்டிலை ஆரும் இரவல் உடுத்தேல்லை," என்றா அம்மா.

சின்னம்மா, நீங்கள் இரகசியமாக அதேபோல ஒன்று தைத்துத் தர வேண்டும். உங்களுக்கு அந்தச் சட்டையைத் தெரியாது. அம்மா ஒக்ஸ்போர்ட் வீதியில் புத்தம்புதிதாக வாங்கியது. கழுத்தில் பதினாறு முத்து, அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. புதுச் சட்டையில் ஏன் அப்படி என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். இடுப்பில் ஒருமுறை பிரித்துத் தைத்த அடையாளமும் உண்டு. அதையும் அப்படியே தைக்கவும்.

உங்கள் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பவும். அம்மாவின் அகப்பைக்கு முன்னால் அது போதுமோ தெரியாது.

இப்படிக்கு,
பயத்துடன்,
றோஸ்மலர்

பி.கு.: விடிந்துவிட்டது. நயோமியின் அம்மாவே சட்டையைக் கொண்டுவந்தா. எல்லோரும் இரவல் உடுத்து ஆடி முடிய நேரமாகிவிட்டதாம், எங்களை எழுப்ப மனமில்லையாம். இடுப்பின் உட்பக்கம் சிவப்பு நூலில் ஒரு பெயர் தைத்திருக்கிறது, அந்த மேரிறோசுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றா. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றா. வந்தவ போனபின், "சின்னம்மா இரவல் தந்தவ. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை," என்றா. ஆகவே தைக்க வேண்டாம்.

எனக்கு அடி விழவில்லை. அம்மா நயோமியின் சட்டையை நெடுநேரம் அயன் பண்ணினா. பிறகு மெதுவாகக் கேட்டா: "அவையின்ரை அந்தத் திருநாள் வருசத்திலை ஒருக்காத்தானோ?"