நான் சொன்ன ஒரு வார்த்தையும் சிலையின் மூக்கும்

மதிப்பிற்குரிய சம்பந்தி தோன் சத்துர்நீனோ அவர்களுக்கு,

சாந்தா ரூஃபினாவிலிருந்து கிரிசாந்தோ மேஸா பணிவோடு எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்து, வீட்டம்மா சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம். நான் காவலில் இருந்தது மட்டும் தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெண்ணின் தகப்பன் கம்பிக்குள் போனால் யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாற்பது வருடம் ஸ்பானிய இலக்கணம் நடத்திய தங்களுக்குத்தான் இது விளங்கும்.

எங்கள் பூங்காவில் மேயரின் சிலையை ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக இருந்தது. வெள்ளி மதியம், ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், அது பீடத்திலிருந்து விழுந்து மூக்கு உடைந்துவிட்டது. அதே நேரத்தில் நான் வீட்டு வெக்கை தாங்காமல் பூங்காவுக்குப் போய், மறுகோடி பெஞ்சில் காற்று வாங்கி, அப்படியே தூங்கியும் விட்டேன். மாலையில் சார்ஜென்ட் அபுந்தியோ தெருக்காரர்களை வரிசையாக நிறுத்தி, "கியென் ஃபுவே?" என்றார். யார் செய்தது என்று அவர் கேட்டார். பூங்காவுக்கு யார் போனது என்று என் காதில் விழுந்தது. முப்பத்தோரு வருடம் தந்தி அடித்தவன் நான், ஒரு வார்த்தையில் முடிவதற்கு இரண்டு வார்த்தை செலவழித்துப் பழக்கமில்லை. போனேன் என்ற பொருளில் "ஃபுயி" என்றேன். நான்தான் என்ற பொருளில் அவர் எழுதிக்கொண்டார்.

"மறைக்காம ஒத்துக்கிட்டீங்க தோன் கிரிசாந்தோ. இந்த நேர்மை யாருக்கு வரும்" என்று கையைக் குலுக்கிவிட்டுத்தான் உள்ளே வைத்தார்.

விளக்கலாம் என்று வாயைத் திறந்தால் மறுபடியும் ஃபுயிதான் வருகிறது, அவரும் சலிக்காமல் அதைத் தனி வாக்குமூலமாக எழுதுகிறார், ஞாயிறு வரைக்கும் பதினோரு வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். இங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கள் மகன் எவேலியோ மூன்று வேளையும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கண் கலங்கினார். இப்படியொரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்?

அந்த அறையில்தான், சம்பந்தி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான்தான் என்று இருப்பதற்கு ஒரு சொல், போவதற்கு ஒரு சொல். இன்றைக்கும் நாளைக்கும் அவை இரண்டுக்கும் முகச்சாயல்கூடக் கிடையாது. முடிந்துபோன காலத்துக்குள் நுழைந்ததும் ஒன்றாகிவிடுகின்றன! தந்திக்காரனாக இருந்தேன் என்றாலும் ஃபுயி, தந்தி ஆபீசுக்குப் போனேன் என்றாலும் ஃபுயி. அறுபத்தாறு வருடம் நாக்கில் வைத்திருந்தும் நான் இதைக் கவனித்ததில்லை. மறைந்த என் மனைவியை நினைத்து "ஃபுவே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். இருந்தாள். போனாள். ஒரே மூச்சில் இரண்டும் வந்தன. எதிர் அறையில் கோழி திருடியவன் சாப்பிடக் கூப்பிட்டும் நான் நெடுநேரம் அசையவில்லை. யார் செய்து வைத்தது இந்த மொழியை என்று தாங்கள் என்றைக்காவது திகைத்ததுண்டா?

திங்களன்று நீதிபதி தோன்யா எர்மெலிண்டா பதினோரு வாக்குமூலத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்சுபோன மாதிரி சொல்லாதீங்க. அன்னிக்கு மத்தியானம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு இழுத்துச் சொல்லுங்க பாப்போம்."

"ஈபா" என்றேன். போய்க்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்! இழுத்துச் சொல்லும் அந்தக் காலத்தில் போவது தனி, இருப்பது தனி. அந்தச் சின்னச் சொல்லுக்குள் எந்தக் குற்றத்துக்கும் இடமில்லை. சார்ஜென்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு நடந்தேன். சிலையை மூக்கில்லாமலே திறந்திருந்தார்கள், இப்போதுதான் மேயருக்கு ஒரு களை வந்திருக்கிறது என்று ஊரில் பேச்சு.

ஆகவே எங்கள் வீட்டு மனிதர் யாரும் அந்தச் சிலையை விரலால்கூடத் தொடவில்லை என்பதைத் தாங்கள் நம்பி, கல்யாணத்தைக் குறித்த தேதியிலேயே நடத்தித்தர வேண்டுகிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள்.

என்றும் தங்கள் அன்புள்ள,
கிரிசாந்தோ மேஸா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது என் மகள் நூபியாவும் தங்கள் மகனும் வந்து நின்றார்கள். வெள்ளி மதியம் தனியாகப் பேச வேறு இடமில்லாமல், சிலைக்குப் பின்னால் அதன்மேல் சாய்ந்து நின்றார்களாம். "ஃபுயிமோஸ், அப்பா" என்றாள் நூபியா. போனீர்களா, நீங்கள்தானா என்று கேட்டேன். தங்கள் மகன்தான் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்: "ரெண்டும்தான் மாமா."