மூலப்படத்தின் கண்கள்

பிம்பபுரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மன்னருக்கு வாரிசு கிடையாது. மன்னர் இறந்தால், வீடுதோறும் தொங்கும் மன்னர் படத்தோடு எவன் முகம் ஒத்துப்போகிறதோ அவனே அடுத்த மன்னன். இதற்குத் தேர்தல் என்று பெயர்.

அந்தப் படங்களை வரைபவள் செவந்தி. அரண்மனையிலுள்ள மூலப்படத்தைப் பார்த்து அப்படியே நகலெடுப்பது அவள் வேலை. மூலப்படத்தின் முன் எல்லாரும் தலைகுனிந்தே நிற்க வேண்டும். வரைகிறவள் மட்டும் நிமிரலாம்.

அவள் கணவன் சடையனும் ஓவியன்தான். ஒருநாள் வேலை மெனக்கெட்டுச் சந்தைச் சுவரில் ஒரு காகம் வரைந்தான். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற காகம். எதன் நகலும் அல்ல, அவன் மனதில் தோன்றியது. மறுநாளே நகல்துறை அமைச்சர் பரஞ்சோதியார் ஆணை வாசித்தார்.

"சொந்தமாக வரைவது மன்னருக்கு எதிராக வரைவதாகும். குற்றவாளி சிறையில் இருப்பான். அவன் மனைவி மூலப்படத்தை இம்மியும் பிசகாமல் வரையும் வரை அவன் தலை தப்பும். நமது அரசு கருணையுள்ள அரசு."

மூக்கு, மீசை, கிரீடம் எல்லாம் செவந்திக்குச் சரியாக வரும். கண்ணுக்கு வரும்போதுதான் பிசகும். மூலப்படத்தின் கண்கள் எதிரில் நிற்பவரைப் பார்க்காதவை. தலைக்கு மேலே எங்கோ நிலைத்தவை. அவள் கையோ சடையனின் கண்களையே வரைந்தது. ஆளை நேராகப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கிற கண்கள். அழித்துவிட்டு வரைந்தாலும் அவையே வந்தன. பாவம், அவள் என்னதான் செய்வாள்?

பரஞ்சோதியார் நகலை ஒப்பிட வந்தார். அவர் மூலப்படத்தின் முன் முறைப்படி தலைகுனிந்தார். குனிந்த தலைக்கு மன்னரின் காலடிதான் தெரிந்தது.

"பாதரட்சை பொருந்துகிறது" என்று முத்திரை குத்தினார்.

தப்பித்தோம் என்று அவளால் இருக்க முடியவில்லை. கடைப் பலகைகளிலும் மன்னர் படமே இருக்க வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. மருந்துக் கடைக்கும் பூச்சிமருந்துக் கடைக்கும் ஒரே முகமானது. காய்ச்சலுக்கு வாங்கிக் குடித்த சிலர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, பிள்ளைகள் மரமோ மாடோ வரையக் கூடாது என்றார்கள். வரைந்த பிள்ளைகளின் அப்பன்மார் சிறைக்குப் போனார்கள். ஊரெல்லாம் படம் பெருகப் பெருகச் செவந்தியின் தூக்கம் போனது. யாராவது ஒருத்தர் தப்பித்தவறி மூலப்படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டால் சடையனின் கதி என்ன?

ஒருவரும் நிமிரவில்லை. அதற்குள் மன்னர் இறந்துபோனார்.

தேர்தலில் எத்தனையோ முகங்கள் வரிசையில் நின்றன. மீசை ஒத்துப்போனது, கண் ஒத்துப்போகவில்லை. கடைசியில் சிறைக் காவலன் ஒருவன் கஞ்சி கொடுக்கப் போனவன், சடையனிடம் வீட்டுப் படத்தின் அதே கண்களைப் பார்த்துக் கும்பிட்டு விழுந்தான்.

"நம்மள நேராப் பாக்குற ராசா வந்துட்டாரு" என்று ஊரே கொண்டாடியது. செவந்தி சந்தோஷத்தில் அழுதாள்.

புதிய மூலப்படம் வரைய அவளை அழைத்தார்கள். சடையன் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, அந்தச் சட்டத்த எப்ப எடுப்பீங்க? பிள்ளைங்களோட அப்பன்மாருங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க."

"பாக்கலாம் செவந்தி. இப்ப எடுத்தா ஆளாளுக்கு ஒரு மூஞ்சி வரைவான். அப்புறம் எனக்கு என்ன மரியாதை?"

"உங்க காகத்தையாச்சும் மறுபடி வரையட்டுமா?"

"எந்தக் காகம்?" என்றான் சடையன். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக் கேட்டான்.

செவந்தி வரைந்தாள். மூக்கு, மீசை, கிரீடம் வந்தன. இந்த முறை கண்ணுக்கு வந்தபோதும் கை பிசகவே இல்லை. பழைய மூலப்படத்தின் கண்கள் அப்படியே வந்து உட்கார்ந்தன.

பரஞ்சோதியார் வந்து தலைகுனிந்து நின்றார்.

"பாதரட்சை பொருந்துகிறது" என்றார்.