ஆபீசை நிறுத்திய கேபிள்

‘எனக்குத் தெரியும்’ என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டால், அப்புறம் தெரியாததை யாரிடமும் கேட்க முடியாது. சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆபீசில் வைஃபை விருந்தாளிகளுக்கு மட்டும். எங்கள் லேப்டாப்புக்குக் கேபிள்தான். "செருகித் தரட்டுங்களா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

"நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க" என்றேன். (கல்லூரியில் முதலிடம். தலை கொஞ்சம் கனமாகவே இருந்தது.)

மேசைக்கடியில் கேபிள்கள் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று. அதிலிருந்து வந்த ஒரு கேபிளை லேப்டாப்பில் செருகினேன். இன்னொன்றின் முனை அனாதையாகத் தொங்கியது. அலங்கோலம் பிடிக்காத வளர்ப்பாச்சே, அதையும் பெட்டியின் காலி ஓட்டையில் செருகிவிட்டேன். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து, மாடி முழுக்க நெட் படுத்துவிட்டது.

சற்று நேரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டெமோ. "யாராச்சும் கேபிளைத் தொட்டீங்களா?" என்று மேனேஜர் பதறினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நெட் செத்த திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அப்பா கீழே ரிசப்ஷனில்தான் இருந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்ப்பவர், லீவு போட்டுவிட்டு அன்னூரிலிருந்து என்னை வண்டியில் கூட்டிவந்திருந்தார். வேலை பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் கிளம்ப மாட்டாராம்.

நெட் போனதும் டீ குடிக்க இறங்கிய கூட்டத்திடம், "ஏனுங்க, அல்லாரும் எறங்கி வாரீங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

"புதுசா சேர்ந்த பொண்ணு ஏதோ கேபிள்ல கை வெச்சு, மாடியவே நிறுத்திப்போட்டாங்க போலங்க."

அப்பாவின் மில்லில், ஓடுகிற மெஷின்களை மொத்தமாக நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பெரிய அதிகாரிக்கு மட்டும்தான். இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. எழுந்து நின்று, "என்ற புள்ளைங்க அது! மொத நாளே நிறுத்திப்போட்டா!" என்று அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டிருக்கிறார். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கீழே வந்து போன் பேசிக்கொண்டிருந்த மேனேஜருக்கும் சேர்த்து.

மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"உங்கப்பாவப் பாத்தேனுங்க அம்மணி. ரொம்ப சந்தோசமா இருக்காரு." சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "நிறுத்துனவங்களே ஓட்டியும் உட்டுருங்க."

மேசைக்கடியில் தவழ்ந்து அந்த இரண்டாவது கேபிளைப் பிடுங்கினேன். நெட் வந்தது, டெமோ தப்பியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் எனக்காகக் கும்பிடு போட ஒருவர் கீழே நிற்கிறார் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

இன்று அந்த ஆபீசின் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பு. அது நிற்காமல் ஓடினால்தான் எனக்குப் பெருமை என்று அப்பாவிடம் எவ்வளவோ சொல்லியாயிற்று. போன மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவ நெனச்சா இப்பவும் ஆபீசை நிறுத்திப்போடுவாங்க. பாவம், பொழச்சுப் போகட்டும்னு உட்டு வெச்சிருக்கா."