ஹார்ட் டிஸ்குக்கு வந்த சோதனை

ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நம் தலைமை எழுத்தர் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. இன்றைக்கும் அதே சோதனை. ஹார்ட் டிஸ்கின் வேகத்தை அளக்கும் சோதனை என்று பெயர். சோதிக்கப்படுவது டிஸ்கா, தானா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இரண்டு. முன்னறையில் இருப்பது மனைவியுடையது. கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்த் துணி காயப்போட்டு வந்தாலும், மாப்பிள்ளைக்குக் கழுத்து வரைதான் வந்திருக்கும். உள்ளறையில் இருப்பது அவருடையது. அதில் அவர் சதுரங்கம் ஆடுவார். தோற்பார்.

"என் மிஷினுக்குப் புது டிஸ்க் வாங்கிக் குடுங்க" என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு, ஒருவழியாக வாங்கினார். கையில் வந்ததும் சபலம் தட்டியது.

"முதல்ல என் மிஷின்ல போட்டு சோதிச்சுப் பார்க்கிறேன். நல்லா இருந்தா உனக்கு இன்னொண்ணு வாங்கலாம்."

"சரிங்க" என்றாள்.

சண்டை இல்லை, முறைப்பு இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ரிப்பேர்காரர் வந்தார். தூசி தட்ட வேண்டும் என்று இரண்டு கம்ப்யூட்டர்களையும் கடைக்குத் தூக்கிப் போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைத்தார். அன்று பிடித்தது சனி.

டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியில் வினாடிக்கு ஐந்நூற்றைம்பது எம்.பி. என்று அச்சடித்திருந்தார்கள். சோதனையோ தொண்ணூற்றெட்டு என்றது. அதுவும் பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகமாம். குட்டிக் குட்டி ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கச் சொன்னால், வினாடிக்கு ஒரு எம்.பி.கூடத் தேறவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினார். ஃபேனைத் திருப்பி வைத்தார். சதுரங்கத்தைக்கூட மூடிப் பார்த்தார். எண் அசையவில்லை. அவர்தான் அசந்து போனார்.

டீயோடு மனைவி வந்தாள்.

"என்னங்க, புதுசு எப்படி இருக்கு?"

"பறக்குது!"

"தொண்ணூத்தெட்டுன்னு இருக்கே? பெட்டியில ஐந்நூத்தம்பதுன்னு போட்டிருந்துச்சே?"

உண்மையைச் சொன்னால், 'எனக்குன்னு வாங்கினதை உங்களுக்குப் போட்டீங்கல்ல' என்று ஆரம்பிப்பாள். அதைக் கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை.

"அது வந்து... டிஸ்க் பதில் சொல்றதுக்கு எடுத்துக்கற நேரம். குறைஞ்சாத்தான் நல்லது."

"ஓ, காய்ச்சல் மாதிரி."

"அதேதான்."

"அப்ப ஐந்நூறு வந்தா?"

"வந்தா? நேரா ஐ.சி.யூ.தான்!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பாதியிலேயே களைத்துப் போய் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன். என்னோடதையும் சோதிச்சேன். ஐந்நூத்தி நாப்பதுன்னு காட்டுது. பயமா இருக்கு."

போய்ப் பார்த்தார். எண்ணுக்கு மேலே டிஸ்கின் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"இது நான் வாங்கின டிஸ்க்! அந்த ஆள் மாத்திப் போட்டுட்டான்!"

"மாத்தியெல்லாம் போடல. நான் சொன்னபடிதான் போட்டாரு."

"அப்ப என்னோடதுல இருக்கறது?"

"உங்க பழசுதான். தூசி தட்டின பழசு."

இத்தனை நாளாக, மேலே இருந்த பெயரைப் பார்க்காமல், மாங்கு மாங்கென்று அளந்தது அந்தக் கிழட்டு டிஸ்கையா? பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கழட்டு. இப்பவே எனக்கு மாத்தியாகணும்."

"எதுக்குங்க? குறைஞ்சாத்தான் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களோடது தொண்ணூத்தெட்டாச்சே!"

வாயைத் திறந்தார். ஒன்று, சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

அவள் ஒரு படத்தைத் தட்டினாள். மாப்பிள்ளை செருப்போடு சேர்த்து முழுசாக வந்து நின்றார்.

"நல்லது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "மோசமானதோட குடும்பம் நடத்தறது எனக்குப் பழகிப்போச்சு."