அரைப்படி அக்காவும் நான் போட்ட ஒரு போனும்

முகப்பேரில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் யாரிடமும் எந்த உதவியும் கேட்காத ஒரே ஆள் அரைப்படி அக்காதான். உயரம் நாலரை அடிக்கும் குறைவு. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. தனியாக இருந்தார். என்னைப்போல் ஆறடி ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

வீடு முழுக்க அவர் உயரத்துக்குத்தான். சமையல் மேடைக்கு முன்னால் நீளத்துக்குச் செங்கல் அடுக்கி வைத்திருந்தார். சிலிண்டர் கொண்டுவந்தவர் அதில் தடுக்கி விழுந்து, விழுந்ததற்குத் திட்டும் வாங்கினார். காலண்டர் என் இடுப்பளவில் தொங்கும். நல்ல நேரம் பார்க்க நான் குந்த வேண்டும்.

லாஃப்டில் உள்ள ஒவ்வொரு சாமானிலும் ஒரு நாடா கட்டித் தொங்கும். வேண்டியதை இழுத்தால் கீழே விரித்த மெத்தையில் விழும். ஒருமுறை நாடா மாறிப்போய், இட்லிப் பானைக்குப் பதில் அம்மிக்குழவி வந்தது. மெத்தை செத்தது. அக்கா அசரவில்லை.

கதவில் பார்க்கும் ஓட்டை எட்டவில்லை என்று கீழே இன்னொன்று போட்டிருந்தார். அதில் முகம் தெரியாது, தொப்பைதான் தெரியும். தொப்பையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். என் தொப்பையைக் கண்டால் உள்ளிருந்தே கேட்பார்:

"இன்னா நைனா, ஏறிகினே போவுது? சோறு துன்றியா, சிமெண்ட் துன்றியா?"

ஒரு நாள் காலையில் கதவு திறந்திருந்தது. ஸ்டூல்மேல் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் நின்று ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எறங்குங்க. நான் தொடைக்கிறேன்."

"உன்ன கூப்ட்டனா? போய் உன் ஊட்டு ஒட்டடைய அடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெங்களூரில் இருக்கும் அவர் மகனுக்குப் போன் போட்டு, "உங்கம்மா விழுந்து சாகப்போறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று கத்தினேன். அதில் அக்கறை கொஞ்சம்தான். மூக்குடைபட்ட எரிச்சல்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமையே மகனின் கார் வந்துவிட்டது. அக்கா அழவில்லை. படியிறங்கும்போது என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"வுயுந்தாலும் என் ஊட்ல வுயுந்திருப்பேன். நீ யார்றா நடுவுல?"

போன வாரம் தைரியம் வந்து, அவருக்குப் போன் செய்தேன்.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"கீறேன். உப்பு டப்பா மேல கீது. மருமவ ஆபீஸ்லேர்ந்து வந்து எடுத்துக் குடுக்கணும்."

"ஒரு ஸ்டூல் போட்டு..."

"ஸ்டூலையெல்லாம் ரூம்ல வெச்சிப் பூட்டிட்டான் என் புள்ள. நீதானே சொன்ன, வுயுந்துருவேன்னு?"

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

இப்போது பிளாக்கில் என்னைத் திட்ட ஆள் இல்லை. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை.